தராசுக்கு ஆண் பெண் தெரியுமா?

(‘தண்டனையும் பால் பேதமும்’ என்ற தலைப்பில் தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



செராஸ், தாமான் மிடா நிலையத்தில் எம்ஆர்டி ரயில் ஏறினால் கடைசி நிறுத்தம் காஜாங். அந்த ரயிலில் வேலைக்குப் போகிறவர்கள் உண்டு, காஜாங்கில் சாத்தே சாப்பிடப் போகிறவர்களும் உண்டு. காஜாங் சிறையில் இருக்கும் மகனையோ மகளையோ பார்க்கப் போகும் தாய்மார்களும் உண்டு. அங்கே ஆண்களுக்கும் சிறை இருக்கிறது, பெண்களுக்கும் சிறை இருக்கிறது.

ஒரு வீட்டில் அண்ணன், தங்கை இருவர் என்று வைத்துக்கொள்வோம். இருவரும் சேர்ந்து ஒரே பையில் போதைப்பொருளைக் கொண்டுபோய், ஒரே இடத்தில் பிடிபடுகிறார்கள். 1952ஆம் ஆண்டு அபாயகரமான போதைப்பொருள் சட்டம், 39பி பிரிவின்கீழ் இருவர் மீதும் குற்றம் நிரூபணமாகிறது. நீதிபதி இருவருக்கும் மரண தண்டனை வேண்டாம், ஆயுள் சிறை போதும் என்று தீர்மானிக்கிறார். அதோடு அண்ணனுக்குக் குறைந்தது 12 பிரம்படி உண்டு. தங்கைக்கு ஒரு அடியும் கிடையாது. குற்றமும் சாட்சியும் நீதிபதியும் ஒன்றுதான். தண்டனை மட்டும் ஒன்றல்ல.

இது நியாயமா? ‘பெண்ணை அடிக்கக்கூடாது, அதுதான் நியாயம்’ என்பார் ஒருவர். ‘ஆணின் முதுகு மட்டும் இரும்பா?’ என்பார் மற்றொருவர். இன்றைய கேள்வி அங்கிருந்துதான் தொடங்குகிறது.

சட்டமே எழுதி வைத்த வேறுபாடு

பெண்ணுக்குப் பிரம்படி இல்லை என்பது எந்த நீதிபதியும் மனமிரங்கிக் கொடுத்த சலுகை அல்ல. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 289ஆவது பிரிவு அதை எழுதியே வைத்திருக்கிறது. பெண்களுக்கும், மரண தண்டனை பெற்ற ஆண்களுக்கும், 50 வயதைக் கடந்த ஆண்களுக்கும் பிரம்படி கூடாது என்கிறது அந்தப் பிரிவு. பாலியல் குற்றவாளிகளுக்கு மட்டும் அந்த 50 வயது விலக்கு இல்லை.

அதே சட்டத்தின் 275ஆவது பிரிவின்படி, மரண தண்டனைக்குரிய குற்றம் புரிந்த பெண் கர்ப்பிணி என்று தெரிந்தால் அவளுக்குத் தூக்கு இல்லை, சிறைதான். தண்டனைச் சட்டத்தின் 309ஏ பிரிவோ, பிரசவத்தால் மனநிலை குலைந்து பச்சிளம் குழந்தையின் சாவுக்குக் காரணமான தாயைக் கொலைகாரி என்று அழைக்காமல் தனிக் குற்றமாக வகைப்படுத்துகிறது. அதற்கு அதிகபட்சம் 20 ஆண்டு சிறை.

இவற்றில் ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். கர்ப்பமும் பிரசவமும் பெண்ணுக்கு மட்டுமே நேர்பவை. வயிற்றில் இருக்கும் குழந்தை எந்தக் குற்றமும் செய்யவில்லை. ஆகவே அந்த இரண்டு பிரிவுகளுக்கும் காரணம் கண்ணுக்குத் தெரிகிறது. பிரம்படிக்கு அப்படி ஒரு காரணம் உண்டா? வலி இருவருக்கும் ஒன்றுதான். பிரம்பு மனிதத்தன்மையற்ற தண்டனை என்றால் அது ஆணுக்கும் வேண்டாம் என்பதே ஒழுங்கான வாதம். பெண்ணை விலக்கிவிட்டு ஆணை அடிப்பது, பெண் மென்மையானவள் என்ற பழைய எண்ணத்தின் எச்சம்.

பழைய எண்ணங்கள் சட்டத்தில் ஒட்டிக்கொண்டிருந்ததற்கு இன்னொரு சான்று, தண்டனைச் சட்டத்தின் 498ஆவது பிரிவு. பிறன் மனைவியை ஆசைகாட்டி அழைத்துச் செல்பவனுக்குத் தண்டனை தந்த பிரிவு அது. கணவன் மட்டுமே அதில் புகார் செய்ய முடியும். தன் கணவனை ஒருத்தி அழைத்துச் சென்றால் மனைவிக்கு அந்தச் சட்டம் துணை வராது. மனைவி என்பவள் கணவனின் உடைமை என்று நினைத்த காலத்துச் சட்டம் அல்லவா! 2001ஆம் ஆண்டில் கூட்டரசு அரசியலமைப்பின் 8(2) விதியில் ‘பால்’ என்ற சொல் சேர்க்கப்பட்டு, ஆண் பெண் என்று பாரபட்சம் காட்டக்கூடாது என்றானது. அதைச் சுட்டிக்காட்டி 2023 டிசம்பரில் கூட்டரசு நீதிமன்றம் 498ஆவது பிரிவைச் செல்லாது என்று தீர்ப்பளித்தது. ஒரு சொல்லைச் சேர்க்க 2001 வரை ஆனது. அந்தச் சொல் இந்தப் பிரிவை வீழ்த்த மேலும் 22 ஆண்டுகள் ஆயின.

எழுதப்படாத வேறுபாடு

எழுதி வைத்ததைக் கண்டுபிடிப்பது எளிது. நீதிபதியின் மனத்தில் இருப்பதைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் சோன்யா ஸ்டார் 2012இல் அந்நாட்டுக் கூட்டரசு நீதிமன்ற வழக்குகளை ஆராய்ந்தார். கைதான குற்றமும் முந்தைய குற்றப் பதிவும் ஒத்திருந்த வழக்குகளை ஒப்பிட்டபோதும், ஆண்களுக்குப் பெண்களைவிடச் சராசரியாக 63 விழுக்காடு நீண்ட சிறைத் தண்டனை கிடைத்திருந்தது.

இதைக் கேட்டதும் ஆண்கள் பக்கம் கைதட்டல் எழலாம். அவசரம் வேண்டாம். குற்றவியல் ஆய்வாளர்கள் இதற்கு இன்னொரு பக்கம் காட்டுகிறார்கள். பெண்ணுக்குக் கிடைக்கும் இரக்கம் எல்லாப் பெண்களுக்கும் கிடைப்பதில்லை. அடக்கமான மனைவி, அழுகின்ற தாய் என்ற அச்சில் பொருந்துகிறவளுக்கே கிடைக்கிறது. அந்த அச்சை மீறியவளுக்கு இரண்டு தண்டனை: ஒன்று செய்த குற்றத்துக்கு, மற்றொன்று பெண்ணாக நடந்துகொள்ளாததற்கு.

மூன்று பேருக்குத் தூக்கு, ஒருத்திக்கு மட்டும் பெயர்

மோனா ஃபெண்டியை மறந்தவர் இந்த நாட்டில் யார்? 1993இல் பகாங், பத்து தாலாம் சட்டமன்ற உறுப்பினர் மஸ்லான் இட்ரிஸ் கொல்லப்பட்டார். தெமர்லோ உயர் நீதிமன்றத்தில் 1995இல் மூவர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது. மோனா, அவருடைய கணவர், அவர்களுடைய உதவியாளர். 2001 நவம்பர் 2ஆம் தேதி காஜாங் சிறையில் மூவரும் ஒரே நாளில் தூக்கிலிடப்பட்டார்கள்.

தண்டனையில் பேதமில்லை. பேதம் பேச்சில் இருந்தது. நீதிமன்றத்துக்கு அவர் உடுத்தி வந்த பளபளப்பான உடையும், புகைப்படக்காரர்களைப் பார்த்துச் சிரித்த சிரிப்பும் பத்திரிகைகளில் பத்தி பத்தியாக வந்தன. 2018இல் திரைக்கு வந்த ‘டுக்குன்’ படமும் அந்தப் பெண்ணைத்தான் நினைவூட்டியது. மற்ற இருவரின் பெயரைச் சொல்லுங்கள் என்று இங்கே கேட்டால் எத்தனை கைகள் உயரும்? மூவர் செய்த கொடுமை ஒருத்தியின் பெயரில் பதிந்துவிட்டது. பெண் கொலை செய்தால் அது செய்தி, பெண் சிரித்துக்கொண்டே வந்தால் அது பெருஞ்செய்தி!

நளினியின் வழக்கு

தமிழர் எல்லோருக்கும் தெரிந்த ஒரு வழக்கில் இந்தக் கேள்வி நேருக்கு நேர் எழுந்தது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998 ஜனவரியில் பூந்தமல்லி தனி நீதிமன்றம் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. 1999 மே 11ஆம் தேதி இந்திய உச்ச நீதிமன்றம் 19 பேரை விடுவித்து, மூவருக்கு ஆயுள் தண்டனை தந்து, நால்வரின் தூக்கை உறுதி செய்தது. அந்த நால்வரில் ஒரே பெண் நளினி. அவருடைய கணவர் முருகனும் நால்வரில் ஒருவர். சிறையில் இருந்தபோதுதான் அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது.

மூன்று நீதிபதிகளில் கே.டி. தாமஸ் நளினியின் தூக்கு விஷயத்தில் மற்ற இருவரோடு உடன்படவில்லை. நளினி சதியை வழிநடத்தியவர் அல்ல, பிறர் சொன்னதைச் செய்தவர், காதலால் அதற்குள் இழுக்கப்பட்டவர் என்று அவர் கருதினார். தந்தையும் தூக்கில், தாயும் தூக்கில் என்றால் அந்தச் சிறு பெண் அநாதையாவாள் என்பதையும் எண்ணிப் பார்த்தார். மற்ற நீதிபதிகள் ஏற்கவில்லை. நளினி படித்தவர். குண்டு கட்டி வந்த தாணுவும் ஒரு பெண்தான். பெண் என்பதும் தாய் என்பதும் மட்டுமே தண்டனையைக் குறைக்கக் காரணமாகிவிடாது என்பது அவர்கள் பக்கத்து நியாயம்.

இரண்டு தரப்பையும் நிறுத்திப் பார்க்க வேண்டும். ‘பெண், ஆகவே விடுங்கள்’ என்பது பலவீனமான வாதம். பெரும்பான்மை நீதிபதிகள் அதை மறுத்தது தவறல்ல. ஆனால் ‘அவருடைய பங்கு என்ன, அவரை நம்பி யார் இருக்கிறார்கள்’ என்று தாமஸ் கேட்ட கேள்வி, பெண்ணுக்கு மட்டுமல்ல, எந்த மனிதருக்கும் கேட்க வேண்டிய கேள்வி. 2000 ஏப்ரலில், சோனியா காந்தியே அந்தக் குழந்தைக்காகக் கருணை கோரிய பிறகு, தமிழக ஆளுநர் நளினியின் தூக்கை ஆயுளாக மாற்றினார். மற்ற மூவருக்கு அந்த நிவாரணம் 2014 பிப்ரவரியில்தான் உச்ச நீதிமன்றத்தால் கிடைத்தது. அதில் ஒருவர் அதே குழந்தையின் தந்தை! ஒரு குழந்தைக்காகத் தாயின் உயிர் காக்கப்பட்டது சரியே. தந்தையின் உயிர் அந்தக் குழந்தைக்கு வேண்டாததா? பதினான்கு ஆண்டு இடைவெளி அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டுவிட்டது. நளினி 2022 நவம்பரில் விடுதலையானார். அதற்குள் சிறையில் பிறந்த குழந்தை முப்பது வயதுப் பெண்ணாகியிருந்தார்.

யாரோ கொடுத்த பை

இனி நம் நாட்டுச் சிறைகளுக்கு வருவோம். 2019இல் அம்னெஸ்டி இன்டர்நேஷனல் வெளியிட்ட அறிக்கையின்படி, அந்த ஆண்டு பிப்ரவரியில் மலேசியச் சிறைகளில் 1,281 பேர் தூக்குத் தண்டனைக் கைதிகளாக இருந்தார்கள். அவர்களில் 73 விழுக்காட்டினர் போதைப்பொருள் கடத்தல் குற்றத்துக்காக அங்கே இருந்தவர்கள். பெண்களை மட்டும் எடுத்துக்கொண்டால் அது 95 விழுக்காடு.

பெண் என்றால் நீதிமன்றம் இரங்கும் என்கிறவர்கள் இந்த எண்ணைப் பார்க்க வேண்டும். இரங்குவதற்கு நீதிபதிக்கு அதிகாரமே இருக்கவில்லை. கட்டாய மரண தண்டனை என்பதன் பொருள் அதுதான். கடத்தல் கும்பலின் தலைவனும், ஆயிரம் வெள்ளிக்குப் பை தூக்கியவளும், பையில் என்ன இருக்கிறது என்றே தெரியாதவளும் ஒரே கயிற்றின்கீழ் நின்றார்கள். பார்வைக்கு அது சமத்துவம். உண்மையில், கும்பலில் கடைசிப் படியில் நிற்பவர்கள் மீதுதான் அதன் பாரம் விழுந்தது.

ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மரியா எக்ஸ்போஸ்டோ என்ற பாட்டியின் கதை அதற்கு உதாரணம். இணையத்தில் அறிமுகமாகித் தன்னை அமெரிக்க ராணுவ அதிகாரி என்று சொல்லிக்கொண்ட ஒருவனைக் காதலித்து, அவனைத் தேடி ஷாங்காய் போனார். திரும்பும் வழியில், 2014 டிசம்பரில், கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்தில் பிடிபட்டார். அவர் கொண்டுவந்த பைக்குள் ஒரு கிலோவுக்கு மேல் மெத்தம்பெட்டமைன் தைத்து வைக்கப்பட்டிருந்தது. ஷா ஆலாம் உயர் நீதிமன்றம் 2017 டிசம்பரில், அவர் ஏமாந்தவர் என்று நம்பி விடுவித்தது. ஐந்தே மாதத்தில் மேல்முறையீட்டு நீதிமன்றம், வேண்டுமென்றே கண்ணை மூடிக்கொண்டவர் என்று சொல்லித் தூக்கு விதித்தது. 2019 நவம்பரில் கூட்டரசு நீதிமன்றம் மீண்டும் விடுவித்தது. சாட்சியங்களில் மாற்றம் இல்லை. ‘காதலுக்காக ஒரு பெண் இவ்வளவு ஏமாறுவாளா?’ என்ற கேள்விக்கு மூன்று நீதிமன்றங்கள் தந்த பதில்தான் மாறி மாறி வந்தது. அந்தப் பதிலில் ஓர் உயிர் தொங்கியது.

அதே 2019 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் இன்னொரு முக்கியத் தீர்ப்பை வழங்கினார்கள். பை உன்னிடம் இருந்தால் அதில் இருப்பது உனக்குத் தெரியும் என்று அனுமானிப்பது ஒன்று, தெரிந்து வைத்திருந்தால் நீ கடத்தல்காரி என்று அனுமானிப்பது இன்னொன்று. இந்த இரட்டை அனுமானத்துக்கு இடம் தந்த 37ஏ பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என்று அவர்கள் ரத்து செய்தார்கள். அந்த வழக்கைத் தொடுத்தவர்கள் யார்? பிலிப்பைன்ஸைச் சேர்ந்த ஒரு பெண், தாய்லாந்தைச் சேர்ந்த ஒரு பெண். விமான நிலையத்தில் பையோடு பிடிபட்டவர்கள். அவர்கள் போராடிப் பெற்ற நியாயம் இந்நாட்டு ஆண் பெண் எல்லோருக்கும் பயன்பட்டது.

2021 அக்டோபரில் சபா, தாவாவ் உயர் நீதிமன்றம் ஒன்பது பிள்ளைகளுக்குத் தாயான 55 வயதுப் பெண்ணுக்குத் தூக்கு விதித்ததும், அவர் கதறி அழும் காணொளி உலகமெங்கும் பரவியதும் பலருக்கு நினைவிருக்கும். அந்த அழுகைக்கு நாடு கலங்கியது. சரிதான். அதே ஆண்டுகளில் தூக்குத் தண்டனைக் கைதிகளில் பெரும்பாலோர் ஆண்கள். அவர்களுக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். அவர்கள் அழுத காணொளி எதுவும் அப்படிப் பரவவில்லை.

2023 ஜூலை 4 முதல் கட்டாய மரண தண்டனை ஒழிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. தண்டனையை முடிவு செய்யும் அதிகாரம் நீதிபதியின் கைக்குத் திரும்பியது. பழைய கைதிகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் தங்கள் தண்டனையை மறுபரிசீலனை செய்யக் கோரும் வாய்ப்பும் கிடைத்தது. இது பெரிய மாற்றம். ஆனால் அதிகாரம் கைக்கு வந்த இடத்தில்தான் பாரபட்சத்துக்கும் கதவு திறக்கிறது. இனிமேல்தான் விழிப்பு வேண்டும்.

‘நல்ல எதிர்காலம்’ யாருக்கு?

அந்தக் கதவு வழியாக எது நுழைய முடியும் என்பதை 2012ஆம் ஆண்டே நாம் பார்த்துவிட்டோம். 13 வயதுச் சிறுமியோடு உறவு கொண்ட குற்றத்துக்காக ஒரு தேசிய போலிங் வீரர் மலாக்காவில் வழக்கை எதிர்கொண்டார். 16 வயதுக்குட்பட்ட பெண் சம்மதித்தாலும் அது சட்டப்படி பாலியல் வன்முறைதான். உயர் நீதிமன்றம் ஐந்தாண்டு சிறை விதித்தது. 2012 ஆகஸ்ட் 8ஆம் தேதி மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்து, 25,000 வெள்ளி நன்னடத்தைப் பிணையில் அவரை அனுப்பியது. அவருடைய இளம் வயதும் முதல் குற்றம் என்பதும் கருதப்பட்டன. அவருக்கு ஒளிமயமான எதிர்காலம் இருக்கிறது என்பதும் சொல்லப்பட்டது. அதே மாதம் 28ஆம் தேதி பினாங்கில், 12 வயதுச் சிறுமி சம்பந்தப்பட்ட வழக்கில் 21 வயது எலக்ட்ரீஷியன் ஒருவரும் அதேபோல் 25,000 வெள்ளிப் பிணையில் விடப்பட்டார்.

நாடு கொதித்தது. பெற்றோர்கள் கேட்ட கேள்வி ஒன்றுதான்: அந்தச் சிறுமிக்கு எதிர்காலம் இல்லையா? பால் பேதம் என்றால் குற்றவாளிக் கூண்டில் நிற்பவரைப் பற்றி மட்டும் பேசுகிறோம். பாதிக்கப்பட்டவர் பக்கமும் அது உண்டு. பையனின் நாளையை எடைபோடும் தராசு, பெண்ணின் நாளையைத் தட்டில் வைக்கவே மறந்துவிடுகிறது. 2017இல் சிறாருக்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டம் வந்ததற்கும், புத்ராஜெயாவில் அதற்கெனத் தனி நீதிமன்றம் தொடங்கியதற்கும் இப்படிப்பட்ட கேள்விகள் எழுந்ததும் ஒரு காரணம்.

பெண் என்பதா, பொறுப்பு என்பதா?

அப்படியானால் ஆணையும் பெண்ணையும் கண்ணை மூடிக்கொண்டு ஒரே மாதிரி தண்டித்துவிடலாமா? தென்னாப்பிரிக்காவின் அனுபவம் இதற்கு வழிகாட்டுகிறது.

1994இல் அதிபரானதும் நெல்சன் மண்டேலா, 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளைக் கொண்ட தாய்மார்களின் எஞ்சிய தண்டனையை மன்னித்தார். ஹியூகோ என்ற கைதி வழக்குத் தொடுத்தார். அவரும் 12 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் தந்தை, மனைவியை இழந்தவர். ‘எனக்கு ஏன் இல்லை?’ என்று கேட்டார். 1997இல் அரசியலமைப்பு நீதிமன்றம் மண்டேலாவின் ஆணையை ஏற்றது. நடைமுறையில் பிள்ளை வளர்ப்பின் சுமை தாய்மார்கள் மீதுதான் விழுகிறது என்பது காரணம். ஆனால் அந்த எண்ணத்துக்கே சட்டம் முத்திரை குத்தக் கூடாது என்று மாறுபட்ட நீதிபதியும் அங்கே இருந்தார்.

பத்தாண்டுகளுக்குப் பின், 2007இல், மோசடிக் குற்றம் புரிந்த ஒரு தாயின் வழக்கு அதே நீதிமன்றத்துக்கு வந்தது. அவருக்கு மூன்று மகன்கள். இம்முறை நீதிமன்றம் ‘தாய்’ என்று நிறுத்தவில்லை. ‘பிள்ளையை முதன்மையாகப் பராமரிப்பவர்’ என்றது. அப்படிப்பட்ட ஒருவரைச் சிறைக்கு அனுப்புமுன், அந்தப் பிள்ளைகளுக்கு என்ன ஆகும் என்று நீதிபதி கட்டாயம் விசாரிக்க வேண்டும் என்றது. அது தாயாக இருக்கலாம், தந்தையாக இருக்கலாம், பாட்டியாகவும் இருக்கலாம். 2010இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட பாங்காக் விதிகளின் 61ஆவது விதியும், தண்டிக்கும்போது பெண்ணின் பராமரிப்புப் பொறுப்பைக் கருத நீதிமன்றத்துக்கு அதிகாரம் வேண்டும் என்கிறது.

இது எல்லா இடத்திலும் எளிதாக ஏற்கப்படுவதில்லை. 2025இல் இங்கிலாந்தில், தண்டனைக்கு முந்தைய அறிக்கை பெரும்பாலும் தேவைப்படுவோர் பட்டியலில் பெண்களையும் சிறுபான்மையினரையும் தனியே குறிப்பிட்ட வழிகாட்டி ஒன்று, ‘இருவேறு நீதி’ என்ற கூச்சலில் நடைமுறைக்கு வருமுன்பே நிறுத்தப்பட்டது. நாடாளுமன்றமே அதற்கு எதிராகச் சட்டம் இயற்றியது. ஒரு பிரிவினருக்கு என்று சொன்னால் மற்றவர் சினம் கொள்வது இயற்கை. ஆகவே பிரிவைச் சொல்லாமல் சுமையைச் சொல்ல வேண்டும்.

நம் வீட்டுப் பாடம்

இதெல்லாம் நீதிபதிகளின் வேலை, நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. பிரிக்ஃபீல்ட்ஸிலும் கிள்ளானிலும் செராஸிலும் நம் குடும்பங்கள் நீதிமன்றப் படியேறுவதைப் பார்க்கிறோம். பலர் ஒன்றும் சொல்லாமல் தலைகுனிந்து நின்று தண்டனையை வாங்கிக்கொண்டு வருகிறார்கள்.

தண்டனை விதிக்குமுன் குறைக்கக் கோரி முறையிடும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு. அங்கே ‘பெண்பிள்ளை, பாவம்’ என்று சொல்வதால் பயன் குறைவு. குற்றத்தில் அவருடைய பங்கு என்ன, யார் மிரட்டினார்கள், அவரை நம்பி எத்தனை பேர் இருக்கிறார்கள், பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்கிறது, படுக்கையில் இருக்கும் பெற்றோரை யார் பார்க்கிறார்கள் என்பதற்குத் தாள்களோடு போக வேண்டும். மகனுக்காகவும் அப்படியே போக வேண்டும். ஆண் என்றால் தாங்கிக்கொள்வான் என்று நம் வீடுகளே விட்டுவிடுகின்றன. வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லாத குடிமக்களுக்குத் தேசிய சட்ட உதவி அறவாரியம் இருக்கிறது.

பாதிக்கப்பட்டவர் பக்கத்தில் நிற்பவர்களுக்கும் வழி உண்டு. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 183ஏ பிரிவின்படி, தண்டனைக்கு முன் தங்களுக்கு நேர்ந்த பாதிப்பை நீதிமன்றத்தில் எடுத்துச் சொல்லப் பாதிக்கப்பட்டவரோ அவருடைய குடும்பமோ கேட்கலாம். ‘பையனுக்கு எதிர்காலம் இருக்கிறது’ என்று ஒருவர் சொல்லும் இடத்தில், ‘எங்கள் பெண்ணுக்கும் இருந்தது’ என்று சொல்ல ஒருவர் எழுந்து நிற்க வேண்டும்.

அவையோரே, திருவள்ளுவர் செங்கோன்மை என்ற 55ஆவது அதிகாரத்தைத் தொடங்கும்போது, குற்றத்தை ஆராய்ந்து, யாரிடமும் தாட்சண்யம் காட்டாமல் முறை செய்யச் சொல்கிறார். மூன்றே அதிகாரம் தள்ளி, 58ஆவது அதிகாரமாகக் கண்ணோட்டம் என்று இரக்கத்தை வைக்கிறார். ஒன்று மற்றொன்றை வெட்டுவதாக அவர் நினைக்கவில்லை. யார் என்று பார்த்துத் தாட்சண்யம் காட்டாதே, எப்படிப்பட்ட நிலையில் நிற்கிறார் என்று பார்த்து இரக்கம் காட்டு. இரண்டும் ஒரே ஆசனத்தில் இருந்து செய்ய வேண்டியவை.

காஜாங் ரயிலில் போகும் அந்தத் தாய்க்கு ஒரு மகன், ஒரு மகள். அவர்கள் செய்த குற்றத்துக்குத் தண்டனை வேண்டாம் என்று அவர் கேட்கவில்லை. இருவரையும் ஒரே கண்ணால் பாருங்கள் என்றுதான் கேட்கிறார்.